மாஸ்டர் பக்கத்துத் தரை

அக்டோபர் 9, வியாழன். ஒரு தவறு செய்திருக்கிறேன். ஆறு வாரமாக எழுதிவரும் அட்டவணையில் மூன்று கட்டங்கள்தான் போட்டிருக்கிறேன்: தேதி, முந்தின நாள் மழை உண்டா, காலையில் காரின் தரை ஈரமா. அந்த நாள் கார் வெளியே போனதா, வீட்டு வாசலிலேயே நின்றதா என்று நாலாவது கட்டம் போடவில்லை. சின்ன விஷயம்தான். ஆனால் அது இல்லாமல் மற்ற மூன்றும் எதற்கும் உதவவில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு, ‘எதற்கும்’ என்ற சொல்லை அடிக்கலாமா என்று சின்னவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். கடைசியில் அடிக்கவில்லை.

சின்னவள் என்பது வீட்டுப் பெயர். பெரியவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய் ஐந்து வருடம் ஆகிவிட்டது. போட்டியே இல்லாத வீட்டிலும் இவள் சின்னவளாகவே நின்றுபோனாள். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாரத்தில் மூன்று மாலை மோட்டார் பழுது பார்க்கும் வகுப்பு. அங்கே இவளுக்கு நோட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு திருகாணியைக் கழற்றுவதற்கு முன் எழுதுவாள், கழற்றிய பின் எழுதுவாள், எழுதியது சரிதானா என்று மறுநாள் வந்து அதே திருகாணியை இன்னொரு முறை பார்ப்பாள். வருட முடிவில் ஒவ்வொருவரும் ஒரு பழுதை எடுத்து, காரணம் கண்டுபிடித்து, சரிசெய்து, நோட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். இவள் எடுத்துக்கொண்ட பழுது அப்பாவின் கார்.

அப்பா டிரைவிங் மாஸ்டர். அந்தக் காருக்கு இருபத்துமூன்று வயது. அதில் அவர் பதினாறு வருடம் பாடம் நடத்தியிருக்கிறார். ஓட்டுபவர் பக்கம் எல்லாக் காரிலும் இருக்கும் மூன்று பெடல்கள். மாஸ்டர் பக்கம் கூடுதலாகக் கிளச்சும் பிரேக்குமாக இரண்டு; ஒரு கம்பி வழியாக அவை ஓட்டுபவர் பக்கத்துப் பெடல்களையும் இழுக்கும். மாணவர்கள் தப்பு செய்யும்போது அப்பாவின் கால் அந்த இரண்டில் ஒன்றின் மேல் இருக்கும். பேசிக்கொண்டே, சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, தும்மிக்கொண்டேகூட அழுத்துவார்.

இரண்டு வருடமாக மாஸ்டர் பக்கத்துத் தரையில் தண்ணீர் தேங்குகிறது. எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் விரிப்பு நனைந்தது. பிறகு நாற்றம் வந்தது. பிறகு இருக்கையின் ஓரத்தில் பச்சையாகப் பூஞ்சை. எட்டுப் பேர் இருந்த இடத்தில் இப்போது மூன்று பேர்தான் கற்றுக்கொள்ள வருகிறார்கள். இருபதாம் தேதி பயிற்சி வண்டிகளுக்கான வருடாந்திரச் சோதனை. போன வருடமே அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். இந்த வருடம் போட மாட்டார். கையெழுத்து இல்லையென்றால் காரில் பாடம் நடத்த முடியாது. அறுபத்தொரு வயதில் அப்பாவை இன்னொருவர் வண்டியில் மாஸ்டராக யாரும் உட்கார வைக்கப் போவதுமில்லை.

ஆகவே சின்னவள் பதினான்கு இடங்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கதவு ரப்பர்களில் முகப்பவுடர் தூவி, கதவைச் சாத்தி, தண்ணீர் அடித்து, பவுடரில் கோடு விழுகிறதா என்று பார்த்தாள். முன்கண்ணாடியின் ஓரங்களைப் பார்த்தாள். வைப்பர்களுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் அடைத்திருந்த இலைக் குப்பையை ஒரு வாளி நிறைய அள்ளினாள். கதவின் உள்பலகையைக் கழற்றி, அதன் பின்னால் கிழிந்திருந்த பிளாஸ்டிக் தாளை மாற்றி ஒட்டினாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, தண்ணீரைக் கீழிருந்து மேலாகத்தான் அடித்துக்கொண்டு போனாள். மேலே தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது.

வெளியே ஹோஸ் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். வகுப்பில் பக்கத்து மேசைக்காரர் வந்தார். பகலில் குழாய் வேலை செய்பவர், நாற்பது வயது, வாய் சும்மா இருக்காது.

“தங்கச்சி, உள்ள என்ன நிலவரம்? குளிச்சுட்டியா, இல்ல இன்னும் கொஞ்சம் ஊத்தவா?”

“ஒரு சொட்டுகூட வரலண்ணே. அங்கேயே ரெண்டு நிமிஷம் புடிங்க.”

“நான் அடைச்சு விட்ட குழாயெல்லாம் ஒழுகுது. இது ஒழுகுற காரு, ஒழுக மாட்டேங்குது. என் தலையெழுத்தப் பாரு.”

பதினான்கு இடங்களும் அப்படித்தான். ஹோஸ் பிடித்தால் காய்ந்து கிடக்கும். இரண்டு நாள் கழித்துக் காலையில் கதவைத் திறந்தால் விரிப்பு சொதசொதவென்று இருக்கும். அம்மா அந்த விரிப்பைத் துணிக்கொடியில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டாள். “மனுஷங்க துணி காயறதுக்கு எடமில்ல. இங்க காருக்குப் பாவாடை தொவச்சுப் போட்டிருக்கா பாரு.”

வியாழக்கிழமை மாலைதான் நாலாவது கட்டம் என்ற நினைப்பே வந்தது. அப்பாவிடம் பாடப் பதிவேடு இருந்தது. தேதி, நேரம், மாணவர், என்ன பாடம் என்று ஒவ்வொரு நாளும் இரண்டு வரி எழுதுவார். சாப்பாட்டு மேசையில் தன் நோட்டை இடது பக்கமும் அப்பாவின் பதிவேட்டை வலது பக்கமும் வைத்து, அளவுகோலை வரி வரியாக இறக்கிக்கொண்டு வந்தாள்.

ஈரமாக இருந்த காலைகள் பன்னிரண்டு. அவற்றில் பதினொன்றில், முந்தின நாள் மழையில் பாடம் நடந்திருந்தது. கொட்டோகொட்டென்று கொட்டி, அப்பா பாடத்தை ரத்து செய்து, கார் வாசலிலேயே நின்ற நாட்கள் நான்கு. அந்த நான்கிலும் தரை காய்ந்திருந்தது. பன்னிரண்டில் மிச்சம் இருந்த ஒன்று செப்டம்பர் 21. அன்று ஈரம், முந்தின நாள் மழையே இல்லை. அதுதான் இரண்டு வாரத்துக்கு மேலாக அவளைக் குழப்பிக்கொண்டிருந்த நாள். அப்பாவின் கையெழுத்தில் செப்டம்பர் இருபதாம் தேதிக்கு நேரே இப்படி இருந்தது: டெய்லரம்மா. ரிவர்ஸ். தண்ணீர்க் குழாய் உடைந்த தெருவில் போனோம். பிரேக் போடச் சொன்னேன், ஆக்ஸிலேட்டர் போட்டார்.

தண்ணீர் மேலிருந்து வரவில்லை. நனைந்த சாலையில் ஓடும்போது சக்கரம் கீழிருந்து வாரி அடிக்கும் தண்ணீர் அது.

கண்டுபிடித்ததற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் பதினான்கு இடங்களின் பட்டியலை எடுத்து மறுபடி படித்தாள். கூரை இருந்தது, கண்ணாடி இருந்தது, பின்விளக்கு இருந்தது. காரின் அடிப்பக்கம் இல்லை. மறந்துபோய் விட்டதா, வேண்டுமென்றே விட்டதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நேர்மையான பதில் கிடைக்கவில்லை.

ஏனென்றால் அடிப்பக்கத்தில் அவள் கைவேலை ஒன்று இருந்தது. போன வருடம், வகுப்பில் சேருவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து கறுப்புப் பூச்சு ஒரு டின் வாங்கிவந்து, மாஸ்டர் பக்கத்து அடித்தகடு முழுக்கத் தடவியிருந்தாள். தார் மாதிரி கெட்டியானது. துரு பிடிக்காது, தண்ணீர் நுழையாது என்று டின்னில் போட்டிருந்தது. காய்ந்த தகட்டில் மட்டும் தடவவும் என்றும் போட்டிருந்தது. அன்று தகடு காய்ந்திருந்ததா? மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஈரத் தகட்டில் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே தகடு தின்னப்பட்டுக்கொண்டே இருக்கும் என்று வகுப்பில் மூன்றாவது வாரம் சொன்னார்கள். அதை அவள் அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை குழாய்க்காரர் வந்தார். காரின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரும்புத் தாங்கிகள் மேல் இறக்கி, கையால் ஆட்டிப் பார்த்தார்கள். அவர் சாக்கு விரித்துக் கீழே படுத்துக்கொண்டு சக்கரத்தின் பின்னாலிருந்து ஹோஸைப் பிடித்தார். சின்னவள் மாஸ்டர் பக்கத்தில் தலைகீழாகக் கவிழ்ந்து, கால் இருக்கையின் மேலும் தலை டாஷ்போர்டுக்கு அடியிலுமாக, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டாள்.

“நோட்டம்மா, உசுரோட இருக்கியா?”

டார்ச்சை எடுக்க முடியாமல் காலால் கதவை ஒரு தட்டுத் தட்டினாள்.

பெடல்களைத் தாங்கும் இரும்புப் பட்டை, தரை மேல்நோக்கி வளையும் இடத்தில் நான்கு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருந்தது. அந்த நான்கு துளைகளும் கம்பெனி போட்டவை அல்ல. கார் வாங்கிய வருடம் அப்பாவே டிரில் பிடித்துப் போட்டவை. டார்ச் வெளிச்சத்தில் கீழ் இடது போல்ட்டின் தலையைச் சுற்றி ஒரு பளபளப்பு வந்தது. அது ஒரு சொட்டாகி, பட்டையின் ஓரமாக இறங்கி, விரிப்புக்கு அடியில் போய் மறைந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு சொட்டு என்று சொல்ல முடியாது, ஒரு கோடு.

“நிறுத்துங்கண்ணே,” என்றாள். டார்ச் வாயிலிருந்து கீழே விழுந்தது.

சின்னவள் விரிப்பை எடுத்தாள். அதற்கடியில் இருந்த தடித்த கம்பளிப் பஞ்சு கையோடு பிய்ந்து வந்தது; பிழிந்தால் பழுப்பாகத் தண்ணீர். அதற்கும் அடியில் தகடு. தகடு என்று அதைச் சொல்வதற்கு அவளுக்குத் தயக்கமாக இருந்தது. அடுக்கடுக்காக உப்பி, விரலால் தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து லேசாக அழுத்தினாள். தட்டவில்லை, குத்தவில்லை. அது கைப்பிடி வரை இறங்கியது.

“தங்கச்சி, ஸ்க்ரூடிரைவர் என் மூக்குக்கு நேரா நிக்குது,” என்றார் கீழே படுத்திருந்தவர். அவர் குரலில் கேலி இல்லை. “இந்தக் கறுப்புப் பூச்சு மட்டும்தான் இத்தன நாளா இதப் புடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. தோலு மாதிரி உரியுது. யாரு பூசுனது?”

“நான்தான்.”

அவர் வெளியே ஊர்ந்து வந்து, சட்டையில் ஒட்டிய செதில்களைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஹோஸைச் சுருட்டத் தொடங்கினார்.

சின்னவள் உள்ளே உட்கார்ந்து மாஸ்டரின் பிரேக் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தாள். பெடல் இறங்க வேண்டும். அதைத் தாங்கும் பட்டை அசையக் கூடாது. பெடல் இறங்கவில்லை. பட்டை, ஆடும் பல் மாதிரி, ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது.

அப்பா அப்போது வீட்டுக்குள் சவரம் செய்துகொண்டிருந்தார். நான்கு மணிக்கு டெய்லரம்மாவுக்குப் பாடம். அவளுக்கு வியாழக்கிழமை லைசென்ஸ் தேர்வு. இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தபோது இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, குழாய்க்காரரிடம் கேட்டார்.

“என்னப்பா, கண்டுபுடிச்சாச்சா?”

“கண்டுபுடிச்சாச்சு மாஸ்டர்,” என்றார் அவர். “உங்க பொண்ணு சொல்லும்.” அதற்கு மேல் அங்கே நிற்க அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு வீட்டில் கீசர் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

சின்னவள் வரிசையாகச் சொன்னாள். அப்படித்தான் சொல்லத் தெரியும். சக்கரத் தண்ணீர், போல்ட் துளை, பஞ்சு, தகடு. அப்பா கேட்டுக்கொண்டே குனிந்து பார்த்தார்.

“ஆக, ஓட்ட நான் போட்டது.”

“நீங்க போட்டப்ப ரப்பர் வாஷர் வெச்சு நல்லாத்தான் இறுக்கியிருக்கீங்க. ரப்பர் காஞ்சுபோச்சு. அப்புறம் ஈரத்துமேல நான் பூச்சு பூசினேன் இல்ல, அதுதான்…” விரலால் ஒரு செதிலை உதிர்த்தாள். “பூசாம விட்டிருந்தா அப்பவே கீழ ஓட்ட தெரிஞ்சிருக்கும்ப்பா. அப்பவே வெல்டு வெச்சிருக்கலாம்.”

அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால்கூட அவள் ஒரு மூச்சு விட்டிருப்பாள்.

“இப்பவும் வெல்டு வெக்கலாமே,” என்றார். “ஒரு தகட வெட்டி வெச்சா ஆச்சு. இருபதாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாளு இருக்கு.”

“வெக்கறதுக்குச் சுத்தி நல்ல இரும்பு வேணும்ப்பா.”

“ஏன், இல்லாமலா போச்சு?”

கருவிப் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து, அதன் பின்பக்கத்தால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். பெடல் பட்டைக்கு அருகில் தட்டினார்: பொத். ஒரு சாண் தள்ளித் தட்டினார்: பொத். கதவுப் படியின் ஓரத்தில் தட்டினார். காதைச் சாய்த்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்திலேயே மாணவனின் கால் எங்கே இருக்கிறது என்று சொல்பவர், ஒவ்வொரு தட்டையும் இரண்டு முறை கேட்டார். இருக்கையின் கால் திருகப்பட்டிருக்கும் இடம் வரை வந்த பிறகுதான் டங் என்று ஒரு சத்தம் வந்தது. அந்த இடத்திலேயே மூன்று முறை தட்டினார். பிறகு ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

“தண்ணி வராம அடைக்கலாம்ப்பா,” என்றாள் சின்னவள். “மெல்லிசா தகடு வெச்சு, ரிவெட் அடிச்சு, ஓரமெல்லாம் சீல் பண்ணா ஒழுகாது. நாத்தமும் போயிடும். வீட்டுக் கார் மாதிரி மெதுவா ஓட்டிக்கலாம். ஆனா அதுமேல பிரேக் பெடல நிக்க வெக்க முடியாது. இந்தப் பெடல் ரெண்டையும் எடுத்தாத்தான் ஓட்டையவே அடைக்க முடியும்.”

“பெடல எடுத்துட்டு நான் அந்தப் பக்கம் உக்காந்து என்ன பண்ணுவேன்? வேடிக்கை பாக்கவா?”

அவள் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

“சரி,” என்றார் அப்பா. “இன்னிக்கு ஒரு பாடம். அவங்களுக்கு வியாழக்கிழம தேர்வு. வளைவுல திருப்பறது மட்டும்தான் பாக்கி. ரெண்டு தெரு, அவ்ளோதான். அப்புறம் நீ என்ன வேணா கழட்டிக்க.”

“வேணாம்ப்பா.”

“பதினாறு வருஷமா என் காலு அங்க இருக்கு. எவ்வளவு அழுத்தணும்னு என் காலுக்குத் தெரியும்.”

“காலுக்குத் தெரியும். தகட்டுக்குத் தெரியாதே.” சொன்ன பிறகுதான் அப்பாவிடம் அப்படிப் பேசியது உறைத்தது. ஆனால் அவள் விலகவில்லை. கதவைத் திறந்து பிடித்தாள். “உக்காந்து ஒரு தடவ அழுத்துங்க. எப்பவும் அழுத்துற மாதிரியே. அப்புறம் நீங்க சொல்றதுதான்.”

அப்பா உட்கார்ந்தார். ஈரப் பஞ்சு எடுத்த இடத்தில் வெறும் தகடு என்பதால் செருப்பைக் கழற்றாமல் காலை வைத்தார். வழக்கம்போல முதுகை நிமிர்த்தி, எதிரே யாரும் இல்லாத தெருவைப் பார்த்தார். ஓடி வந்து ஒருவர் குறுக்கே விழுந்தால் எப்படி அழுத்துவாரோ அப்படி அழுத்தினார்.

சத்தம் பெரிதாக இல்லை. பிஸ்கட் உடைவது மாதிரிதான். பட்டை மூன்று போல்ட்டிலிருந்தும் பிய்ந்து, நாலாவதில் தொங்கிக்கொண்டு, அவர் காலோடு கீழே சரிந்தது. தகட்டில் கை அகலத்துக்குத் திறந்த இடத்தில் வாசல் சிமென்ட்டும், ஹோஸ் தண்ணீர் தேங்கிய குட்டையும் தெரிந்தன. ஓட்டுபவர் பக்கத்துப் பிரேக் பெடல் அசையவே இல்லை.

அவர் காலை எடுக்கவில்லை. அந்தப் பொத்தல் வழியாகத் தரையைப் பார்த்தபடியே இருந்தார்.

“நேத்து காலைல பள்ளிக்கூட ரோட்டுல நின்னோம்,” என்றார். “பசங்க கூட்டமா ரோட்டக் கடந்துச்சு. டெய்லரம்மாவே பிரேக் போட்டுட்டாங்க. நான் போட வேண்டியதில்லாம போச்சு. நல்லா ஓட்டுறாங்கன்னு பாராட்டிட்டு வந்தேன்,” என்றார்.

சின்னவள் அவரைத் தொடலாமா என்று கையை நீட்டி, கை முழுக்கத் துருவாக இருப்பதைப் பார்த்து, இழுத்துக்கொண்டாள்.

அப்பா காரில் உட்கார்ந்தபடியே டெய்லரம்மாவுக்குப் போன் செய்தார். அந்தம்மா சத்தமாகப் பேசுகிறவள். ஸ்பீக்கர் போடாமலே வாசல் முழுக்கக் கேட்டது.

“என்ன மாஸ்டர், மழையா? இங்க வெயிலு கொளுத்துதே!”

“மழை இல்லம்மா. காரு சரியில்ல.”

“ஐயையோ. அன்னிக்கு நான் அந்தத் தண்ணிக்குள்ள விட்டேனே, அதுலயா?”

“அதெல்லாம் இல்லம்மா. அது பழைய கோளாறு.”

“எப்ப சரியாகும் மாஸ்டர்? வியாழக்கிழம தேர்வாச்சே. உங்க காலு பக்கத்துல இல்லாம எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.”

“என் காலு தேர்வு எழுத வராதும்மா,” என்றார் அப்பா. அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. “மேற்குத் தெருவுல ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்கு பாருங்க. ரெண்டு நாளு அங்க போங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க. அந்த மாஸ்டரு என்கிட்ட கத்துக்கிட்டவருதான். வளைவுல மட்டும் ஸ்டியரிங்கச் சீக்கிரமா திருப்பிடறீங்க, அத அவர்கிட்ட மொதல்லயே சொல்லிடுங்க.”

“அப்ப நீங்க?”

“பாக்கலாம்மா,” என்று வைத்துவிட்டார்.

மற்ற இரண்டு மாணவர்களுக்கும் அவரே போன் செய்தார். இரண்டாவது ஆள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. சரி என்று உடனே சொன்னான்; முன்பே அப்படி நினைத்திருந்தான் போல. பிறகு அப்பா உள்ளே போய்ப் பாடப் பதிவேட்டை எடுத்தார். அன்றைய தேதியை எழுதி, நான்கு மணி என்று எழுதி, டெய்லரம்மா என்று எழுதியவர், என்ன பாடம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். அம்மா காப்பித் தம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஆடை படிந்த பிறகும் அது அங்கேயே இருந்தது.

வாசலில் கார் தாங்கிகள் மேல் நின்றது. சின்னவள் படியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். வகுப்பில் கொடுத்திருந்த படிவத்தில் ‘பழுதின் காரணம்’ என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. ‘ரப்பர் வாஷர் தேய்மானம்’ என்று எழுதினாள். அது பொய் இல்லை. பத்து நிமிடம் கழித்து அதை அடித்துவிட்டு, வரிக்குள் அடங்காமல் ஓரத்திலெல்லாம் எழுதினாள்.

அக்டோபர் 11, சனி. காரணம்: பெடலுக்காகப் போட்ட நான்கு துளைகள் வழியாகச் சக்கரத் தண்ணீர் ஏறியது. அது தொடக்கம். காயாத தகட்டின் மேல் நான் பூச்சு பூசி, ஈரத்தை உள்ளே அடைத்தேன். ஒரு வருடம் யாருக்கும் தெரியாமல் தகடு அரித்தது அதனால். ஆறு வாரம் பட்டியலில் அடிப்பக்கத்தைச் சேர்க்காமல் விட்டேன். அந்த ஆறு வாரத்தில் அப்பா நாற்பத்தேழு பாடம் நடத்தியிருக்கிறார். பதிவேட்டில் எண்ணிப் பார்த்தேன். அந்த நாற்பத்தேழில் எதில் வேண்டுமானாலும் இன்று நடந்தது நடந்திருக்கலாம். எது எவ்வளவு பங்கு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அப்பா மாலையில் வந்து, போல்ட்டைத் தானே கழற்றுவதாகச் சொன்னார்.

நாளை காலை எட்டு மணி: பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர், துரு இளக்கும் எண்ணெய். நாலாவது போல்ட்டையும் பெடல்களை இணைக்கும் கம்பியையும் கழற்ற வேண்டும். கறுப்புப் பூச்சு முழுவதையும் சுரண்ட வேண்டும். இருக்கையின் கால் வரை தகட்டை வெட்டி எடுத்து, அட்டையில் அளவு வரைய வேண்டும்.